தலையங்கம் மாமாவின் ஒரே செய்தி

மயிலாப்பூரில் கருத்துச் சொல்லாத ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் எங்கள் தலையங்கம் மாமா மாதிரி, கருத்துச் சொல்லியே மனுஷனைப் படுத்தியெடுத்தவர் ஈரேழு பதினாலு லோகத்திலும் கிடையாது.

பேங்கிலிருந்து ரிட்டையரான மறுநாளே இன்டர்நெட்டில் வலைப்பூ ஆரம்பித்தவர். அவருடைய நிஜப் பெயர் ஈ.பி. கார்டுக்கு மட்டும்தான் தெரியும். பால் பாக்கெட் வருவதற்கு முன் எங்கள் ஃபிளாட் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் கட்டுரை வந்துவிடும். பாண்டி பஜார் நடைபாதையைக் கிழிகிழியென்று கிழித்துத் தொடரே எழுதினார். போய்ப் பார்த்தீர்களா என்றேன்.

"பார்த்தா கருத்து மாறிடும்டா" என்றார்.

நான் ஒரு நாளிதழில் நிருபர். என் தலையெழுத்து, எதிர்வீடு. வடபழனிக் கல்யாணம் ஒன்றில் கழுத்தில் 'பிரஸ்' அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, பத்திரிகைக்காரர்களுக்கு முதல் பந்தி என்று என்னையும் இழுத்துப்போனார். மானம் கப்பலேறியது. வெளியே வந்ததும் வெடித்துவிட்டேன். "நேர்ல பார்க்கணும், விசாரிக்கணும், எதிர்த்தரப்பையும் கேக்கணும். அதான் மாமா பத்திரிகை. நீங்க எழுதறது புலம்பல்."

மறுநாள் கட்டுரை: 'நிருபர்கள் எதற்கு?'

போன கோடையில் தண்ணீர் லாரி விவகாரம் வந்தது. லாரித் தண்ணீரில் முக்கால்வாசி, ஃபிளாட் அசோசியேஷன் செக்ரட்டரி குடியிருக்கும் முன் பிளாக் தொட்டிக்கே போகிறது, பின் பிளாக்குக்கு மிச்சம்தான் என்று மாமா எழுதினார். வால்வை யார் சொல்லி, எப்போது திருப்புகிறார்கள் என்பதுவரை இருந்தது. என்ன அதிசயமோ, மொட்டை மாடி ஏறி இரண்டு தொட்டிகளையும் பார்த்திருந்தார். செக்ரட்டரியிடம் விளக்கமும் கேட்டிருந்தார், அவர்தான் கொடுக்கவில்லை.

அவசரக் கூட்டம் போட்டார்கள். வால்வு சமாசாரம் தெரிந்தவர்கள் வாட்ச்மேனும் பெருக்குகிற அம்மாவும்தான். பெயர் வெளியே வந்தால் அன்றைக்கே வேலை போய்விடும். இருவரும் கேட்டருகே நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யார் சொன்னதுன்னு பேரைச் சொல்லுங்க சார்" என்றார் செக்ரட்டரி. "இல்லேன்னா, அது வெறும் என் கருத்து, ஆதாரம் கிடையாதுன்னு எழுதிக் குடுங்க. ரெண்டும் முடியாதுன்னா குரூப்லேர்ந்து தூக்கிடுவோம்."

அந்தக் குரூப்தான் மாமாவின் மொத்த வாசகர் வட்டமும். அதோடு அவருடையது ஊரறிந்த ஓட்டை வாய்.

மாமா எழுந்தார். "அது கருத்து இல்லே, செய்தி. யார் சொன்னான்னு சொல்றதுக்கில்லே."

உட்கார்ந்துவிட்டார். அவர் அவ்வளவு சுருக்கமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. காபி வருவதற்குள் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். ஆனால் யாருக்கும் வேலை போகவில்லை; அடுத்த லாரியிலிருந்து தண்ணீரும் இரண்டு தொட்டியிலும் சமமாக விழுந்தது.

மாடிப்படியில் மெதுவாகக் கேட்டேன், என்கிட்டயாவது சொல்லுங்க, யார் என்று.

முறைத்தார். "ஒரு பத்திரிகைக்காரன் இன்னொரு பத்திரிகைக்காரனண்ட கேக்கற கேள்வியாடா இது?"

எனக்கு வெட்கமாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

இப்போது அவருக்கு வாசகன் நான் ஒருவன்தான். உலகப் பொருளாதாரத்திலிருந்து கத்திரிக்காய் விலைவரை தினமும் எழுதி அனுப்புகிறார், பழையபடி எதையும் நேரில் பார்க்காமல். பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வரிவரை படிக்கிறேன். ஒருநாள் வரவில்லையென்றால், என்னையறியாமல் அவர் வீட்டுக் காலிங் பெல்லுக்குக் கை போய்விடுகிறது.