குறையாத மருந்து ட்ரம்

படித்தவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. எனக்குத் தெரியவே தெரியாது.

எண்பதுகளில் திண்டிவனம் கல்லூரி ஒன்றில் வேதியியல் விரிவுரையாளராக இருந்தேன். கல்யாணமாகி மூன்று மாதம். மயிலம் பக்கம் மாமனாருக்கு ஒரு ஏக்கர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. வருஷம் முழுக்க அந்த ஒரு வெள்ளாமையைத்தான் நம்பியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால், செடியெல்லாம் கம்பளிப்புழு.

“டேங்குக்கு ரெண்டு மூடி மருந்து, மீதி தண்ணி. அப்பிடித்தாங்க மாப்ள அடிச்சிக்கினு வர்றேன்” என்றார்.

“மூடிக் கணக்கெல்லாம் சரிப்படாது மாமா” என்றேன். (யாராவது கேட்டார்களா?) புட்டியில் இருந்தது முப்பத்தைந்து சதவீதம், தெளிக்க வேண்டியது 0.07 சதவீதம். ஐந்நூறு மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டும். பத்து லிட்டர் தெளிப்பான் டேங்குக்கு இருபது மில்லி. மூடியை அளந்தேன், பத்து மில்லி! “உங்க ரெண்டு மூடி கணக்கு கரெக்ட் மாமா” என்று சான்றிதழ் வேறு கொடுத்தேன். அத்தோடு சாப்பிடப் போயிருக்கலாம்.

போகவில்லை. மொத்தமாகக் கலந்து வைக்கிறேன் என்று இருநூறு லிட்டர் ட்ரம் நிறையத் தண்ணீர் பிடித்து, நானூறு மில்லி மருந்தை ஊற்றினேன். பால்போல் வெளுத்தது. “இதை எடுத்து அடிங்க மாமா” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அடுத்த ஞாயிறு வயலில் வெறும் காம்புதான் நின்றது.

“இருவது டேங்கு அடிச்சிட்டேன், ட்ரம்மு ஒரு வெரக்கட கூட கொறையலீங்க மாப்ள. அடுத்த போகத்துக்கும் வரும்போல கீது. புழுவுக்குத்தான் ஒண்ணும் ஆவல.”

ட்ரம்மை எட்டிப் பார்த்தேன். “எப்படி மாமா அடிச்சீங்க?”

“டேங்குக்கு ரெண்டு மூடி. நீங்களே கணக்கு போட்டு சொன்னீங்களே!”

ட்ரம்மில் ஏற்கெனவே நீர்த்திருந்ததை இன்னொரு ஐந்நூறு மடங்கு நீர்க்க வைத்திருக்கிறார். மனசுக்குள் வகுத்தேன்: 0.00014 சதவீதம். புழுக்கள் அதில் குளித்திருக்கும்.

அவர் திட்டியிருந்தால் தேவலை. மாப்பிள்ளையை யார் திட்டுவார்கள்? தலைதீபாவளி முடிந்து கிளம்பும்போது ஒரு பை மல்லாட்டை கொடுத்தார். பையில் திண்டிவனம் கடைப் பெயர்.

“மாமா, எதுக்கு இது...”

“மாப்பிள்ளைய வெறுங்கையோட அனுப்ப முடியுங்களா?”

திண்டிவனம் வரை அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு செத்துக்கொண்டே வந்தேன்.

இன்றும் ஒருநாள் மோர் தண்ணீராகிவிட்டால் போதும், என் பிள்ளைகள் டம்ளரைத் தூக்கிப் பார்த்து அம்மாவைக் கேட்கிறார்கள்: “தாத்தா ட்ரம்முலேர்ந்து மொண்டியா?”