முன்னே போன குடை

"ஆத்துக்குள்ள இறங்கேலாது மச்சான்," என்றான் புவாத்.

கிளறன்ஸ் எட்டிப் பார்த்தான். இரண்டு செங்குத்து மலைகளுக்கிடையில் அவர்கள் நடந்துபோகவிருந்த ஆற்றில் வெள்ளம் முழு மரமொன்றை உருட்டிக்கொண்டு போனது. சோதனைச் சாவடியும் சுற்றிவளைப்புமாய்க் கிடந்த கொழும்பிலிருந்து ஒரு நாளாவது தப்புவோம் என்று, மனைவி ஐறீனையும் புறக்கோட்டை மொத்தக்கடைச் சிநேகிதன் புவாத்தையும் மலையகத்துக்கு இழுத்து வந்தவன் அவன்தான்.

"மேல் பாதையால போவம்," என்றான் கிளறன்ஸ்.

"மழை?" என்றாள் ஐறீன்.

சமையல் சட்டிகளைக் கட்டிவந்த சாக்குகளைப் புவாத் உதறினான். ஆளுக்கொன்றைத் தலையில் கவிழ்த்தார்கள். சாரல் முகத்தில் அறைந்தது. கழுத்துவரை இழுத்துவிட்டு, கண்ணுக்கு நேரே ஓட்டை வெட்டிக்கொண்டார்கள்.

மழைக்குத் தப்பினார்கள், பனிமூட்டத்தில் வழியைத் தொலைத்தார்கள்.

"ஆரையாவது கூப்பிடுங்கோவன்," என்றாள் ஐறீன்.

"தமிழில கத்தி ஆமிக்காரன் வந்தா?" என்றான் கிளறன்ஸ்.

கத்தாமல் விசிலடித்தான்.

சற்று முன்னால் ஒரு கறுப்புக் குடை திரும்பியது. ஒரு கணம் நின்றது. பிறகு விறுவிறுவென்று நடந்தது.

"இந்த ஊர் ஆள். பின்னாலயே போவம்."

அவர்கள் விரைந்தால் குடையும் விரைந்தது. நின்றால் நின்றது, காது கொடுப்பதுபோல. மீண்டும் விசிலடித்தபோது தேயிலைச் செடிகளுக்கு மேலாக வழுக்கிக்கொண்டு போனது.

"மச்சான், கால் தெரியல்ல," என்றான் புவாத்.

ஐறீன், "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினாள்.

பாதை முடிந்த இடத்தில் குடை மட்டும் கவிழ்ந்து, காற்றில் மெல்லச் சுழன்றது. ஆளில்லை. கீழே ஆறு இரைந்தது. ஐறீனின் கால் வழுக்கியது. கிளறன்ஸ் அவள் கையை எட்டிப் பிடித்தான். மூவரும் சேற்றோடு சரிந்து, தோட்டத் தொழிலாளர் லயமொன்றின் வேலியோரம் போய் விழுந்தார்கள். மழை விட்டிருந்தது. நனைந்து கனத்த சாக்குகளைக் கழற்றி எறிந்துவிட்டு, விளக்கெரிந்த தேநீர்க்கடைக்கு ஓடினார்கள்.

கடைக்காரி ஆறாயி கதவை ஒரு சாண் திறந்தாள்.

"தமிழாளுங்களா? வெரசா உள்ள வாங்க."

"அக்கா," கிளறன்சின் பற்கள் அடித்தன. "குடை பிடிச்ச ஒண்டு எங்களை இழுத்துக்கொண்டு வந்திட்டுது. இஞ்ச பேய் கீய் இருக்கோ?"

ஆறாயி கதவைத் தாழிட்டாள்.

"சத்தம் போடாதீங்க! அது பேயில்ல, கொழும்பு வெள்ளவத்தையில இருந்து ஆமிக்குப் பயந்து ஓடியாந்த தமிழ்த் தம்பி. கட்டிலுக்கடியில கெடந்து நடுங்குது. ஆமிக்குக் காட்டிக் குடுக்க, சாக்கால முகத்தை மூடின தலையாட்டிங்க மூணு பேரு விசிலடிச்சுக்கிட்டே மலை பூரா தொரத்துறாங்களாம்!"