பதினைந்தடி உயரத்தில் நான்

என் வாழ்க்கையில் நான் பொறாமைப்பட்ட ஆள் ஒருவன்தான். மற்றவர்களைப் பார்த்து எனக்கு வந்ததெல்லாம் சாதாரண வயிற்றெரிச்சல்.

அந்த ஒருவன் பெயர் வரதன். ஸ்ரீரங்கத்துக்காரன். மன்னார்புரத்தில் எங்கள் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேஜை. (நேரில் 'வரதன் சார்'. 'அவன்' என்பதெல்லாம் மனசுக்குள் மட்டும்.)

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பணக்கார நாடுகள் வெகுகாலமாகப் புகைவிட்டு வானத்தைக் கெடுத்துவிட்டன. அதற்கு ஈடாக, புகையில்லாத இயந்திரங்களையும் அவற்றை நிறுவப் பணத்தையும் நம்மைப் போன்ற நாடுகளுக்குக் கொடுக்க ஒரு நிதியம் வைத்திருக்கிறார்கள். சும்மா தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். விண்ணப்பம் எழுத வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதைவிடக் கொஞ்சம் கஷ்டம். அதைத்தான் நாங்கள் எழுதுகிறோம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். அந்த மரியாதைக்காக அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் நான்கு முறை எழுதுவேன். வரதனுக்கு ஆங்கிலம் டபராவிலிருந்து டம்ளருக்குக் காபி ஆற்றுவதுபோல நுரையோடு வரும். எனக்குத் தெருக்குழாய் மாதிரி. முதலில் காற்று, பிறகு சத்தம், கடைசியில் இரண்டு சொட்டு. நான் மாதக்கணக்கில் எழுதியதை அவன் நிதியத்தாரிடம் பத்து நிமிடம் போனில் பேசுவான். பாராட்டு அவனுக்கு வரும். எனக்கு அதன் நகல் வரும்.

அப்படி நான் எழுதியதில் ஒன்று பலித்தது. வாழைப்பழத்தை உலர்த்தும் சூரிய உலர்த்தி. திருவெள்ளறைப் பக்கத்தில் எங்கள் ஊர் வாழை விவசாயிகள் குழுவுக்கு, சோதனைக்காக ஒன்று வந்து இறங்கியது. உள்ளே தட்டுத்தட்டாகப் பழம். வெளியே சூரியத் தகடு. தகட்டில் வரும் மின்சாரத்தில் சுற்றும் ஒரு விசிறி. அவ்வளவுதான். நிதியத்திலிருந்து ஓர் அம்மாள் நேரில் வந்து பார்ப்பார். பிடித்திருந்தால் சுற்று ஊர்களுக்கு இன்னும் எட்டு. பிடிக்கவில்லையென்றால் இருப்பதையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

குழுவில் என் அப்பாவும் ஒருவர். விலை விழும்போதெல்லாம் பழுத்த தாரை மாட்டுக்குப் போட்டே அலுத்துப்போனவர். ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்: "நம்ம முருகேசன்தான் வெள்ளக்காரம்மாவுக்கே வெளக்கஞ் சொல்லப் போறான்."

ஆனால் மேலதிகாரி வேறு மாதிரி சொல்லிவிட்டார். "வரதன் பேசட்டும். முருகேசன், நீங்க வரவேற்பப் பாத்துக்கங்க."

வரவேற்பு! பொறாமை அப்படியே தலைக்கு ஏறியது. சரி, வரவேற்பு என்றால் என்ன என்று காட்டுகிறேன் என்று நேராக ஃபிளெக்ஸ் கடைக்குப் போனேன்.

"அண்ணே, பின்னாடி புலி போட்டுரவா? எல்லாரும் புலிதான் கேக்குறாங்க" என்றார் கடைக்காரர்.

"பூமி போடுங்க. நான் அதக் கையில ஏந்துற மாதிரி."

பதினைந்தடி உயரம். நான் வெள்ளைச் சட்டையில், உள்ளங்கையில் உலக உருண்டையுடன். கீழே 'பருவநிலைக் காவலர்'. வரதன் படம்? போட்டேன், போடாமல் இருப்பேனா? கீழ் மூலையில், தபால்தலை அளவில், ஒலிபெருக்கி உதவி செய்தவருக்குப் பக்கத்தில்.

சவுக்குக் கழி நட்டு, உலர்த்திக்கு மேற்கே, சாலையிலிருந்து நன்றாகத் தெரிகிற மாதிரி அதை நிறுத்தினோம். குழுத் தலைவி செல்வராணி அக்கா அண்ணாந்து பார்த்து, "ஏந்தம்பி, தேர்தல்ல நிக்கிறியா?" என்று மட்டும் கேட்டார்.

காலை ஒன்பது மணிக்கு விசிறியைச் சோதித்தேன். கிர்ரென்று சுற்றியது. அந்த அம்மாள் பத்து மணிக்கு வர வேண்டும். பத்தரைக்கு வரதன் போன் செய்தான்.

"முருகேசன், மேடம் ராஜகோபுரம் பாக்கணும்னா. அப்படியே எங்காத்துல சாப்ட்டுட்டு வந்துடறோம். அம்மா புளியோதரை பண்ணிருக்கா."

எங்கள் வீட்டில் அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். அந்தக் குழம்புக்கு முன்னால் அமர்ந்து, புளியோதரையை நினைத்து, பசியே இல்லாமல் மூன்று தட்டு சாப்பிட்டேன்.

கார் வந்தபோது மணி மூன்றரை. நரைத்த தலையும் பெரிய தொப்பியுமாக இறங்கிய அந்த அம்மாள் முதலில் ஃபிளெக்ஸைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடியும் ஃபிளெக்ஸைப் பார்த்தார். சிறுத்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். மாலை போட்டோம். உலர்த்தியிடம் போனோம்.

விசிறி சுற்றவில்லை.

சுவிட்சைப் போட்டேன், அணைத்தேன், போட்டேன். வயரை ஆட்டினேன். தகட்டைத் துண்டால் துடைத்தேன். விசிறியைக் கையால் சுற்றிவிட்டேன். (அது இரண்டு சுற்றுச் சுற்றி மரியாதையாக நின்றது.) உலர்த்தியின் கதவைத் திறந்த செல்வராணி அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு மூடினார். பழம் வேர்த்து நாற ஆரம்பித்திருந்தது. குழுவே என்னைப் பார்த்தது. அப்பா மட்டும் தரையைப் பார்த்தார்.

அந்த அம்மாள் ஏதோ கேட்டார். வரதன் தமிழில் சொன்னான்: "ஏன் ஓடலைன்னு கேக்கறா."

அப்போது என் வாயிலிருந்து வந்ததை இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது. "இந்த மாடலைத் தேர்ந்தெடுத்தது நீங்கதானே வரதன் சார்? இது நம்மூரு வெயிலுக்குச் சரிப்படாது. சொல்லுங்க, அப்படியே சொல்லுங்க மேடத்துக்கிட்ட!"

வரதன் அந்த அம்மாள் பக்கம் திரும்பினான். பிறகு ஆங்கிலத்தில் பேசினான். எனக்குப் பேசத்தான் வராது, கேட்டால் புரியும். அவன் சொன்னது இது: "இந்த இயந்திரம் தன் ஊருக்கு வரவேண்டும் என்று பாடுபட்டவர் இவர். அதனால் பதற்றமாக இருக்கிறார். கொஞ்சம் பொறுங்கள்."

நல்லவனாக இருப்பதிலும் அவனே முதலிடம்! இதை எப்படித் தாங்குவது?

அந்த நேரத்தில்தான் அப்பா தரையைப் பார்த்தபடியே வாய் திறந்தார். "டேய் முருகேசா. வெயில மறச்சுக்கிட்டு நிக்கிறது நீதாண்டா."

நான் சட்டென்று நகர்ந்தேன்.

"நீ இல்லடா. அந்த நீ." அப்பா கையை நீட்டினார்.

காலையில் வெயில் கிழக்கே இருந்தது. ஃபிளெக்ஸின் நிழல் சாலைப்பக்கம் கிடந்தது. இப்போது வெயில் மேற்கே சாய்ந்துவிட்டது. பதினைந்தடி முருகேசனின் நிழல் தலை, தோள், உலக உருண்டை சகிதமாக, சூரியத் தகட்டின்மேல் நீட்டிப் படுத்திருந்தது. பருவநிலைக் காவலர் சூரியனையே காவலில் வைத்துவிட்டார்.

நான்கு பேர் சேர்ந்து என்னைப் பிடுங்கிச் சாய்த்தார்கள். நான் முகம் குப்புற வரப்பில் விழுந்தேன் (அந்த நான்). விசிறி முனகியது, திணறியது, கிர்ரென்று கிளம்பியது. குழு கைதட்டியது. அந்த அம்மாள் தொப்பியைக் கழற்றிவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து, நிழல் விழுந்தால் நிற்கும் என்பதை இவ்வளவு தெளிவாக எந்த ஊரிலும் தனக்கு யாரும் விளக்கியதில்லை என்றார். பிறகு செல்வராணி அக்கா முந்தின வாரமே உலர்த்தி டப்பாவில் வைத்திருந்த பழத்தில் ஒன்று வாங்கிச் சாப்பிட்டார். இன்னொன்று கேட்டு வாங்கினார்.

எட்டு இயந்திரங்களும் வந்தன. அவற்றோடு வந்த ஒப்பந்தத்தில் முன்பு இல்லாத ஒரு நிபந்தனை இருந்தது: 'சூரியத் தகடுகளின் அருகே பந்தல், வளைவு, தனிநபர் உருவப் பதாகை எதையும் நிறுத்தக் கூடாது.' நான் எழுதிய எத்தனையோ பக்கங்களை நிதியத்தில் யாரும் படித்திருப்பார்களா, தெரியாது. இந்த ஒரு வரியை மட்டும் இப்போது எல்லா நாட்டுக்காரர்களும் கையெழுத்துப் போடுவதற்கு முன் படிக்கிறார்களாம். வரதன்தான் சொன்னான். அவனை நிதியத்தின் தலைமை அலுவலகத்திலேயே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். (நான் வாழ்த்தினேன். மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டு.)

ஃபிளெக்ஸை அப்பா வீணாக்கவில்லை. மாட்டுக்கொட்டகைக்கு மேல் கட்டிவிட்டார். கோடையில் அம்மா சமையற்கட்டிலிருந்து குரல் கொடுப்பாள்: "ஏங்க, மாட்டு மேல வெயில் விழுது பாருங்க. முருகேசன இழுத்து விடுங்க."

போன மாதம் விடுமுறையில் வந்த வரதன் அந்தக் கொட்டகை நிழலில் அமர்ந்து மோர் குடித்தான். அண்ணாந்து பார்த்துவிட்டு, "முருகேசன், இதுல என் படமும் இருந்ததே?" என்றான்.

கீழே தொங்கிய அந்த மூலையைக் கன்றுக்குட்டி மென்றுவிட்டிருந்தது. நான் பழக்கவில்லை. சத்தியமாக. ஆனால் வீட்டில் ஒருவரும் நம்புவதாக இல்லை.