தஸ்தகீர் பாய் கோப்பை வாங்கப் போன கதை

சத்தியம்! சத்தியம்! சத்தியம்! மூன்று தடவை சொல்லிவிட்டேன். இதில் ஒரு சொல் பொய்யென்றால், என் வாயில் மிச்சமிருக்கிற நாலு பல்லும் பூந்தமல்லி மெட்ரோ பள்ளத்தில் உதிரட்டும்.

தஸ்தகீர் பாய்க்கு அம்பத்தூரில் பெயின்ட் கடை, பூந்தமல்லியில் வீடு, வீட்டு வாசலில் ஹெரால்டு கார். அறுபத்தெட்டாம் வருஷத்து வண்டி. வெண்ணெய் நிறம், ரெண்டே கதவு. மழை வந்தால் குடையை வண்டிக்குப் பிடித்துவிட்டுத் தான் நனைகிற மனுஷர். அதன் தலையில் எச்சமிட்ட காக்காயைத் துரத்திக்கொண்டு திருமழிசை வரைக்கும் போனவர்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரே ஒரு குறை. வருஷா வருஷம் நடக்கிற பழைய கார் பந்தயத்தில் கோப்பை கிடைத்ததே இல்லை. இது வேகப் பந்தயம் இல்லை. கிழட்டு வண்டிகளுக்கு ஏது வேகம்! பூந்தமல்லியில் கிளம்பி, பாரிவாக்கம், ஆவடி, பட்டாபிராம் சுற்றி, அம்பத்தூர் மைதானத்துக்குக் குறித்த நேரத்தில் போய்ச் சேரவேண்டும். லேட்டானாலும் மார்க் போகும், சீக்கிரம் போனாலும் மார்க் போகும். பாய்க்கு எப்போதும் சீக்கிரத்தால்தான் போனது. முன்னால் ஒரு வண்டி தெரிந்தால் அவர் கால் சும்மா இருக்காது.

"இந்த வருஷம் கோப்பை இல்லாம ஊட்டுக்குத் திரும்ப மாட்டேன்!" என்று சபதம் போட்டார்.

பந்தயத்துக்கு முந்தின நாள் மனைவி குல்ஷன் ஆரம்பித்தாள்.

"ஏங்க, நாளைக்குப் பட்டாபிராம்ல அக்கா பொண்ணுக்கு நிச்சயம். ஞாபகம் கீதா?"

"கீது, கீது."

"பிரியாணி நம்ம பொறுப்பு. தேக்சாவைத் தூக்கி கார்ல வெச்சுகினு போயிடலாம்."

பாய் மனசுக்குள் கணக்குப் போட்டார். பந்தயம் போச்சு. அதோடு அந்தப் பெரிய பாத்திரம் சீட்டில் ஏறினால் நெய் வாசனை ஏழு தலைமுறைக்கும் போகாது.

"வண்டி செத்துப் போச்சு, குல்ஷன்."

"காலையில நல்லாத்தானே இருந்திச்சு?"

"மத்தியானம் போயிடுச்சு. பொட்டுனு."

"எங்க அக்கா பேரை எடுத்தாலே அதுக்கு மாரடைப்பு வருதே, அது எப்டிங்க?"

"பழைய வண்டிம்மா. இளகின மனசு."

உண்மை என்ன? பழைய கார்க்காரர்களுக்குள் ஒரு வித்தை உண்டு. எஞ்சின் பக்கத்தில் இருக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் ரோட்டரைப் பிடுங்கிவிட்டால் போதும். நாவல்பழம் அளவுதான் இருக்கும். அது இல்லாமல் வண்டி உறுமும், உயிர் பெறாது. திருடனுக்குப் பயந்து கண்டுபிடித்த வித்தை. பாய் அதை மச்சினிக்குப் பயந்து பயன்படுத்தினார்.

குல்ஷன் சாவியைத் திருகிப் பார்த்தாள். கிர்... கிர்... கிர்... அவ்வளவுதான்.

"பாவம்! காலையில இன்னா பண்ணப் போறீங்க?"

"ஜீப்பு வெச்சுகினு கீற நம்ம லட்சுமணன் வந்து, கயிறு கட்டி ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துகினு போவான்."

"சரி, நான் ஆட்டோ சொல்லிடறேன்."

பாய் மனசுக்குள் மெச்சிக்கொண்டார். இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும்? ரோட்டரைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு குழந்தைபோல் தூங்கினார்.

விடிந்ததும் ரோட்டரை ஜோபியில் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். தொழுதுவிட்டு, டீக்கடையில் நின்று லட்சுமணனுக்கு போன் போட்டார். லட்சுமணன் ஆவடி ஃபேக்டரியில் ரிடையரானவர். பழைய ஜீப் வைத்துக்கொண்டு பந்தயத்துக்கு வருகிறவர்.

"லட்சுமணா, இந்தத் தடவை உங்க எல்லாருக்கும் முன்னாடி என் வண்டிதான்!"

"ஆமா பாய். பந்தயம் கிளம்புற இடத்துல எனக்கு முன்னாடிதான் நிக்குது. என் பொண்டாட்டி கஸ்தூரி வேற அதுல ஏறி உக்காந்திருக்கா. என்ன நடக்குதுன்னே புரியல."

டீ கீழே விழுந்தது. பாய் ஓடினார். வாசலில் ஹெரால்டு நின்ற இடத்தில் ஓர் ஆட்டோ நின்றது. உள்ளே ஆட்டோக்காரன் ஜம்புலிங்கம் பல் குத்திக்கொண்டிருந்தான்.

"வா நைனா, குந்து. உன்னைய அம்பத்தூர்ல எறக்கி உடச் சொல்லிக்கீறாங்க அக்கா."

"வண்டியோட உயிரு என் ஜோபியில கீதுடா! அது எப்டி ஓடும்?"

"முன்னே ஒரு தபா அத்த நீ ஜோபியில வெச்சுகினே துணியைத் தொவைக்கப் போட்டியாமே! அக்கா கண்டுகினு, ஒர்க்‌ஷாப்ல காட்டி, அதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டாங்கோ. நான்தான் இட்டுகினு போனேன்."

"அவளுக்கு ஓட்டத் தெரியாதே!"

"எட்டு போட்டு லைசென்ஸே வாங்கிக்கினாங்க, மாமே. நீ கடைக்குப் போனதும் பாரிவாக்கம் ரோட்டுல அவங்க ராஜ்ஜியம்தான்."

வண்டி இப்படிப் பெட்ரோல் குடிக்கிறதே, வயசான கோளாறு என்றல்லவா பாய் நினைத்திருந்தார்!

அம்பத்தூர் மைதானத்தில் போய் இறங்கினார். ஆம்பிளைகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் முந்திக்கொண்டு சீக்கிரமாகவே வந்தார்கள். பக்கத்து சீட்டில் கடிகாரம் பார்க்க ஆளில்லாத லட்சுமணன் எல்லாருக்கும் முதலில் வந்து, எல்லாரையும்விட அதிகமாக மார்க்கை விட்டார்.

குல்ஷன் மட்டும் வரவில்லை. பட்டாபிராமில் தேக்சாவை இறக்கி, அக்காவோடு டீ குடித்து, மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி ஆறஅமரப் பேசிக்கொண்டிருந்தாள். "கிளம்பலாம்" என்று கஸ்தூரி கடிகாரத்தைத் தட்டிய பிறகுதான் எழுந்தாள். மைதானத்துக்குள் ஹெரால்டு நுழைந்தபோது குறித்த நேரத்துக்கு ஒரு நொடி முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கோப்பை குல்ஷனுக்கு. மைக்கை நீட்டி, "எப்படிம்மா ஜெயிச்சீங்க?" என்றார்கள்.

"எல்லாம் எங்க ஊட்டுக்காரராலதாங்க. அவர் மட்டும் ஓட்டியிருந்தா இன்னும் சீக்கிரமே வந்து சேந்திருப்போம்!"

பாய் நெஞ்சை நிமிர்த்தி எழுந்து, நாலு பக்கமும் சலாம் வைத்தார். மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு விஷயம் உறைத்தது.

ஆனாலும் கோபம் வரவில்லை. கோப்பை அவர் வீட்டுக்குத்தானே வருகிறது! வண்டியில் ஒரு கீறல் இல்லை. அவருக்கென்று ஒரு டப்பா பிரியாணி வேறு. பாதியைத் தின்றுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, போட்டோவுக்கு மனைவி பக்கத்தில் போய்க் கம்பீரமாக நின்றார்.

போட்டோக்காரன் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துப் பார்த்தான்.

"அண்ணாத்தே, நீ கொஞ்சம் தள்ளு. காரு மறையுது."

நடந்தது இதுதான். கேட்டீர்களா, போங்கள். யார் சொன்னதென்று மட்டும் மூச்சு விடாதீர்கள். வெள்ளிக்கிழமைதோறும் எனக்குச் சாப்பாடு வருவது அந்த வீட்டிலிருந்துதான். காரை ஓட்டிக்கொண்டு வருகிறவள் குல்ஷன். கேரியரை மடியில் வைத்துக்கொண்டு வருகிறவர் பாய்.