அப்பாவின் பெட்டியும் முப்பதாம் பக்கமும்

“இனிமே இந்த வீட்டுல காகிதப் புத்தகம் கிடையாது” என்று அப்பா அறிவித்தார். அம்மா மாத்தே இலைக் கஷாயம் உறிஞ்சுவதை நிறுத்தவே இல்லை.

நான் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறேன். அதனால் எல்லாம் கண்ணில் படுகிறது. சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். அப்பாவுக்கு வேண்டியது சாப்பாட்டு அறைச் சுவர். அங்கே பெரிய டிவி மாட்டணும். சுவர் முழுக்க அம்மாவின் காதல் நாவல்கள்.

அதற்காகத்தான் சமையலறையில், மாவு டப்பாக்களுக்கு நடுவே, ஒரு பழைய கம்ப்யூட்டரைக் குடிவைத்தார். புத்தகத்தின் பெயரைச் சொன்னால் போதுமாம். அதுவே தேடும், இறக்கும், அட்டைப் படம் ஒட்டும், வரிசையாக அடுக்கும், அம்மாவின் டேப்லெட்டுக்கு அனுப்பும். எந்தக் கம்பெனி தயவும் வேண்டாம், நம் வீட்டுப் பெட்டி, நம் வீட்டுக் கரண்டு. குளிர்காலம் முழுக்க இதே பேச்சு. எனக்குக் காது புளித்துவிட்டது.

“உன் நாவல் எல்லாம் பெட்டிக்குள்ள வந்தாச்சு, மிர்த்தா. ஞாயித்துக்கிழமை சந்தையில வித்துடலாம்.”

“எல்லாமேவா?”

“ஒரு பக்கம் குறையாது.”

“அப்போ நான் கேக்குற பக்கத்தைக் காட்டு, கிழவா. அச்சு அசலா அதே மாதிரி இருந்தா எடுத்துட்டுப் போ.”

“கேளு, கேளு.”

அம்மா சுவர் அலமாரியிலிருந்து ஒரு நாவலை உருவினாள். “முப்பதாம் பக்கம்.”

டேப்லெட்டில் வந்தது, அச்செழுத்தைத் தவிர வெள்ளைவெளேரென்று. காகிதத்தில் அந்தப் பக்கம் ஒரே கிறுக்கல்.

இவர்கள் சின்ன வயசில் பைசாந்து ஊரில், தெருமுனையில் எலியோவின் மாற்றுக்கடை இருந்தது. படித்த நாவல் இரண்டைக் கொடுத்தால் வேறொன்று எடுத்துக்கொள்ளலாம். எல்லா அட்டையிலும் ஒரே மாதிரி முத்தம். படித்ததையே மறுபடி எடுத்துவிடக் கூடாதே. அதனால் படித்து முடித்தவர்கள் முப்பதாம் பக்கத்தில் தங்கள் குறியைப் போடுவார்கள். கறிக்கடை நேவெஸுக்குக் கொக்கி. தையல்கார ஒத்தில்யாவுக்கு ஊசி. அம்மாவுக்குப் பிறை. கடை மூடியபோது மிச்சத்தையெல்லாம் அம்மா வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டாள்.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “ஒத்தில்யாவோட ஊசி...”

“கடைசி வருஷம் கை நடுங்கும். பாரு, கோணலா இருக்கு.”

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்கள். தெருவில் பாதிப் பேர் இப்போது இல்லை.

பிறைக்கு மேலே ஒரு மீன். வேறு சிலவற்றைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் மீன்.

“இது யாரு?”

அப்பா கூரையைப் பார்த்தார்.

“உங்கப்பாதான்” என்றாள் அம்மா. “நான் எதை எடுத்தாலும் எனக்கு முன்னாடியே நீந்திக்கிட்டு இருக்கும். இவ்வளவு படிக்கிற பையனான்னு மயங்கித்தான் கட்டிக்கிட்டேன்.”

“நான் எங்கடி படிச்சேன்? கடையில நின்னபடியே மீனை மட்டும் போட்டேன்.” பெருமையாகச் சொன்னார். அங்கேதான் கெட்டார்.

அம்மா மாத்தேயைக் கீழே வைத்தாள். “ஒண்ணுகூடப் படிக்கலையா?”

“ஒண்ணுகூட.”

“படிக்காம குறி போட்டவங்களை எலியோ என்ன செய்வார்?”

அப்பாவின் குரல் இறங்கியது. “ஸ்டூல்ல உக்காரவச்சுப் படிக்க வைப்பார்.”

“உக்காரு.”

முதல் நாவலைத் திட்டிக்கொண்டே படித்தார். இரண்டாவதில் திட்டு நின்றது. மூன்றாவதில் கூப்பிட்டால் திரும்பவில்லை. போன ஞாயிறு, கதாநாயகி கப்பலில் கால் வைக்கிற இடத்தில் கதை நின்றுவிட்டது. அடுத்த பாகம் அலமாரியில் இல்லை. பெட்டியைக் கேட்டார். அது தேடித் தேடி, கிடைக்கவில்லை என்றது.

“எல்லாம் உள்ள வந்தாச்சுன்னியே?” என்றேன். முறைத்தார்.

“மிர்த்தா, ரெண்டாம் பாகம் எங்க?”

“அது ஒண்ணை மட்டும் காலையில சந்தைக்குக் கொடுத்துட்டேன், கிழவா. நீ ஆசைப்பட்டியேன்னுதான்.”

அப்பா செருப்புகூடப் போடாமல் ஓடினார். திரும்பி வரும்போது அந்த நாவலும், கூடவே ஒரு மூட்டைப் புத்தகங்களும் இருந்தன. வைக்கச் சுவரில் இடம் போதவில்லை என்று இப்போது அவரே முனகுகிறார்.