கோமளம் புதைத்த பெட்டி

ஒரு காட்டில், வைஃபை கிடைக்கிற ஒரே புளியமரத்தில், கோமளம் என்றொரு அணில் குடியிருந்தாள். அவள் புருஷனைப் போன வருஷம் பருந்து தூக்கிப் போய்விட்டது. அவர் குரல் மிச்சமிருந்தது ஒரே ஒரு வீடியோவில்தான். மகள் முதன்முதலாகக் கிளை தாவும்போது, "பயப்படாம வாம்மா கண்ணு, அப்பா இருக்கேன்ல" என்பார். அதைத் தினமும் ஒரு தடவை கேட்டால்தான் கோமளத்துக்குச் சாப்பாடு இறங்கும்.

கம்ப்யூட்டரோ நிரம்பிவிட்டது. எதைத் திறந்தாலும் இடமில்லை, இடமில்லை என்றது. சரி, நெட்வொர்க்கில் மாட்டுகிற சேமிப்புப் பெட்டி ஒன்று மலிவாக வாங்கலாம் என்று கீரி மாசிலாமணியின் கடைக்குப் போனாள்.

"ரெண்டு டிஸ்க் போடுற பெட்டியா எடுத்துக்கோங்கம்மா. ஒண்ணு போனாலும் இன்னொண்ணுல காப்பி இருக்கும்," என்றார் கீரி.

"ஒரே படத்தை ரெண்டு இடத்துல வைக்க நான் என்ன லூசா? ஒரு டிஸ்க்கே போதும்ணே."

"பாஸ்வேர்டையாவது மாத்திடுங்க. அதுல வர்றது வெறும் ஒண்ணு ரெண்டு மூணு நாலு."

"மாத்தினா எனக்கே மறந்துடும்!"

எவ்வளவு விவரமானவள் பாருங்கள்! எல்லாவற்றையும் பெட்டிக்கு மாற்றினாள். கம்ப்யூட்டரில் இருந்ததைச் சுத்தமாக அழித்தாள். கொஞ்ச நாள் நிம்மதியாகப் போனது.

மகளின் பிரசவத்துக்காக மாந்தோப்புக்குக் கிளம்பும்போதுதான் கவனித்தாள். எதிர்க்கிளையில் ஓணான் தங்கப்பன் அவள் வீட்டையே பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"கட்டையில போறவன், பெட்டி மேலயே கண்ணு வைக்கிறான்!"

உடனே பெட்டியைக் கழற்றி, அணில்கள் எதைப் பத்திரப்படுத்தினாலும் செய்வதைச் செய்தாள். குழி தோண்டிப் புதைத்தாள். பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பியதும், அணில்களுக்கு எப்போதும் நடப்பது நடந்தது. எங்கே புதைத்தோம் என்பது மறந்துபோனது.

காட்டையே தோண்டினாள். போன வருஷத்து வேர்க்கடலை கிடைத்தது. தொலைந்த ரிமோட் கிடைத்தது. பெட்டி மட்டும் கிடைக்கவில்லை.

"அவர் குரலைத் தொலைச்சிட்டேனே, பாவி நான்!" என்று மண்ணில் உட்கார்ந்து அழுதாள்.

தங்கப்பன் தயங்கித் தயங்கி இறங்கி வந்தான். "அக்கா, திட்டக் கூடாது. வைஃபைல ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு போட்டேன், உங்க பெட்டி திறந்துடுச்சு. அதுல இருந்த சினிமாப் பாட்டையெல்லாம் நான் காப்பி அடிச்சேன். கூடவே வீட்டு வீடியோவும் வந்துடுச்சு. பாட்டு கேட்டுத்தான் தலையாட்டிக்கிட்டு இருந்தேன்."

"அடத் திருட்டுப் பயலே!" என்று விளக்குமாற்றை ஓங்கினாள். அவன் பயத்தில் போனை அமுக்கினான்.

"பயப்படாம வாம்மா கண்ணு, அப்பா இருக்கேன்ல..."

விளக்குமாறு கீழே விழுந்தது. கோமளம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை போடுடா தம்பி," என்றாள்.

மறுநாள் மறுபடி கடைக்குப் போனாள்.

"இப்பவாவது ரெண்டு டிஸ்க்கா?" என்றார் கீரி.

"எதுக்குண்ணே? அதான் தங்கப்பன் இருக்கானே. ஒரு டிஸ்க்கே குடுங்க. அந்த ஒண்ணு ரெண்டு மூணு நாலை மட்டும் தயவுசெஞ்சு மாத்திடாதீங்க."

நீதி: இரண்டாவது டிஸ்க் வாங்க வசதி இல்லாதவர்கள், எதிர்வீட்டில் ஒரு நல்ல திருடனைக் குடிவைத்துக்கொள்ள வேண்டும்.