கூரைக்குத் தார் பூசின ஞாயித்துக்கெழம

அன்னக்கி ஞாயித்துக்கெழம. வேல ஒன்னே ஒன்னுதான். கூரைக்குத் தார் பூசணும்.

அப்போ நாங்க தெஹியோவிட்ட பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல இருந்தோம். வரிசையா ஒட்டிக் கட்டின லயத்துல எங்களுக்கு ஒரு அறை, அதான் காம்பரா, சமைக்க ஒரு சின்ன குசினி. வைகாசி மழ இன்னும் தொடங்கல. ரேடியோவுல மட்டும் தாழமுக்கம், பலத்த காத்து, மக்கள் அவதானமா இருக்கணும்னு காலையிலயும் சாயந்தரமும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க.

அவதானமா இருக்க எங்க கூரை விடணுமே! ஆணி அடிச்ச எடமெல்லாம் துருப்புடிச்சி ஓட்ட. நடுப்பகல்ல மல்லாந்து படுத்தா நச்சத்திரம் தெரியும். அந்த வசதி துரை பங்களாவுலகூட இல்ல.

தோட்டத்து ஆபீசுல போன வருசமே சொன்னோம். "பாக்கிறோம்"னாங்க. சும்மா சொல்லக்கூடாது, வந்து பாத்தாங்க. நல்லா அண்ணாந்து பாத்தாங்க. பாத்துட்டுப் போயிட்டாங்க.

பாப்பாவுக்கு அப்போ ஆறேழு மாசம். ஈரக்காத்து பட்டா நெஞ்சு கரகரனு இழுக்கும். அவ பொறந்த புதுசுல பெஞ்ச மழைக்கே தொட்டில அங்க இங்கனு மாத்திக் கட்டி, எங்கயும் காஞ்ச எடம் கெடைக்காம, கடசியில தொட்டிலுக்கு மேல கொடைய விரிச்சுக் கட்டினோம்.

அதனால என் சம்சாரம் சரோஜா சொல்லிட்டா. "இந்தத் தடவ புள்ள மேல ஒரு சொட்டு விழுந்துச்சு, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்!"

அவ அம்மா வீடு எங்கயோ இல்ல. மேல் லயம். நடந்தா ஒரு வெத்தல போடுற நேரம். இருந்தாலும் மானம்னு ஒன்னு இருக்கே.

டவுன்ல போயி ஒரு டின் தார் வாங்கினேன். "ஒன்னு போதுமா நானா?"னு கட முதலாளியக் கேட்டேன்.

"ஒரு காம்பராவுக்குத் தாராளம் தம்பி. மிச்சமும் வரும்"னாரு.

சரி, பூசிறலாம். ஆனா ஒரு சிக்கல். கீழ இருந்து பாத்தா வெளிச்சம் வர்ற எடம் ஓட்டனு தெரியும். மேல ஏறிட்டா எல்லாம் ஒரே துரு. எது ஓட்ட, எது தகரம்னு தெரியாது.

வழிய சரோஜாதான் சொன்னா. "நீளக் கம்பு நுனியில ஈக்குக்குச்சியக் கட்டி உள்ள இருந்து ஓட்டைக்குள்ள நீட்டுறேன். குச்சி வர்ற எடத்துல பூசுங்க."

பாப்பாவ அவங்கம்மாகிட்ட விட்டுட்டு வந்தா. நான் ஏணி வச்சு ஏறினேன்.

மேல நின்னா ஒரு தனி மரியாததான். இடுப்புல கை வச்சு தோட்டத்த ஒரு சுத்துப் பாத்தேன்.

கீழ இருந்து சத்தம். "என்ன, வெளிநாடு தெரியுதா? பூசுங்க!"

குச்சி வந்துச்சு. பூசினேன். அடுத்தது வந்துச்சு. பூசினேன். அதுக்கடுத்தது வந்துட்டு உடனே உள்ள போயிருச்சு. ஓட்ட எங்கனு தெரியல. அந்தாப்புல இருக்கும்னு டின்னச் சாச்சுக் கொஞ்சம் தாராளமா ஊத்தினேன்.

அதே நேரத்துல கீழ அவ, குச்சிய ஏன் காணோம்னு அண்ணாந்து பாத்திருக்கா.

"ஐயோ!"

சரியா மூக்கு நுனியில.

மண்ணெண்ணெய் போத்தலும் துண்டுமா வெளிய வந்தா. மேல பாத்து என்னமோ கத்தினா. பக்கத்துக் காம்பரா லெச்சுமியக்கா வீட்டுல திடீர்னு ரேடியோ பெருஞ்சத்தமாப் பாட ஆரம்பிச்சதால சரியாக் கேக்கல. "செய்யுங்க"னு சொன்ன மாதிரி இருந்துச்சு. அவ சொன்னது என்னன்னு பெறகுதான் தெரிஞ்சுது, "பீலித் தண்ணியில மூஞ்சி கழுவிட்டு வர்றேன், வர்றவரைக்கும் ஒன்னும் செய்யாதீங்க".

நான் குனிஞ்சு பாக்குறேன், குச்சி திரும்ப வந்திருச்சு!

பரவால்லயே, ரோசக்காரினு நெனச்சுக்கிட்டேன். மூக்குல தாரோட வேல செய்றாளே!

இந்தத் தடவ குச்சி ரொம்ப வேகம். பூசிட்டு நிமிந்தா அடுத்தது ரெடி. கொஞ்சங்கொஞ்சமா எடப்பக்கமா நகருது. நானும் நகர்ந்தேன். லயத்துல கீழதான் காம்பராவுக்குக் காம்பரா செவரு. மேல எல்லாம் ஒரே தகரம்தானே!

"சரோஜா, இந்தப் பக்கம் இவ்வளவு ஓட்டையா?"னு கேட்டேன்.

குச்சி ரெண்டு தடவ மேலயும் கீழயும் ஆடுச்சு. ஆமாங்குதுனு எடுத்துக்கிட்டேன்.

டின்னச் சொரண்டிச் சொரண்டிப் பூசினேன். தார் முடிஞ்சுது. மிச்சம் வரும்னாரே அந்தக் கட நானா, அவரத் திட்டிக்கிட்டே நிமிந்தேன்.

தூரத்துல பீலிப் பக்கமிருந்து ஒரு பொம்பள வர்றா. தோள்ல துண்டு, செவந்த மூக்கு. சரோஜா!

என் காலடியில குச்சி இன்னும் ஆடிக்கிட்டு இருக்கு.

"அங்க என்னங்க பண்றீங்க? அது லெச்சுமியக்கா வீட்டுக் கூரைங்க!"

குச்சி சட்டுனு உள்ள போயிருச்சு. ரேடியோவும் நின்னுபோச்சு.

எனக்கு வந்த கோவத்துல நம்ம பக்கம் வேகமாத் திரும்பி நடந்தேன். நாலு எட்டு வச்சிருப்பேன். டமார்! வலது கால் முழங்கால் வரைக்கும் தகரத்துக்குள்ள போயிருச்சு. நேரா எங்க குசினிக்கு மேல.

சரோஜா உள்ள போயி, தொங்குற கால நிதானமாப் பாத்தா.

"அப்படியே இருங்க. மழ வர்றப்போ அந்த ஓட்டைக்கு அதுதான் அடப்பு."

லெச்சுமியக்கா வீட்டுக்காரரு முத்தையாண்ணே ஏறி வந்து, ரொம்பப் பாசமா என்னத் தூக்கி எடுத்தாரு. "அவசரப்படலாமா தம்பி? தகரத்துல ஆணி வரிசை பாத்துல்ல கால் வைக்கணும்" அப்படினு புத்தி வேற சொன்னாரு. அவரு கூரையில நான் ஆணி வரிசை பாத்துதான் நடந்திருந்தேன்.

திரும்பத் தார் வாங்க ஞாயித்துக்கெழம சாயந்தரம் கட இல்ல. ஓட்ட மேல உரச்சாக்கப் போட்டு நாலு பக்கமும் கல்லு வச்சேன். "இது போதும், அசையாது"னு சரோஜாகிட்ட சொன்னேன். அவ போயி தொட்டிலுக்கு மேல கட்டுற அந்தக் கொடையத் தேட ஆரம்பிச்சா.

மறுநா மத்தியானமே வந்துச்சு மழ. மழையா அது! காத்து ஒரு பெரட்டுப் பெரட்டுச்சு. கல்லு குசினிக்குள்ள விழுந்துச்சு. சாக்கு போன வேகத்துக்கு அவிசாவளைக்கு பஸ்ஸுக்கு முந்திப் போயிருக்கும். குசினியில அடுப்பு மெதக்குது. காம்பராவுல அங்கங்க சொட்டுது. சரோஜா புள்ளய மாரோட அணச்சுக்கிட்டு மூலையில நிக்கிறா. புள்ளைக்கு இழுக்க ஆரம்பிச்சிருச்சு. எனக்கு வெளையாட்டெல்லாம் போயிருச்சு. அந்த மழயில மேல் லயத்துக்கும் போக முடியாது.

கதவத் தட்டுற சத்தம். லெச்சுமியக்கா, தலையில சாக்க மடிச்சுப் போட்டுக்கிட்டு நிக்கிறாங்க.

"புள்ளயத் தூக்கிட்டு வா சரோஜா. எங்க வீடு காஞ்சு கெடக்கு."

காயாம என்ன செய்யும்?

போனோம். சொட்டுச் சத்தமே இல்ல. அவங்க கூரை வளையில தொட்டிலக் கட்டி, புள்ள நெஞ்சுல சூடா எண்ணெ தடவி விட்டாங்க. கொஞ்ச நேரத்துல இழுப்பு அடங்கி நல்லாத் தூங்கிருச்சு. அப்பத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

தேத்தண்ணியக் கையில குடுத்துட்டு லெச்சுமியக்கா சொன்னாங்க. "குச்சி நீட்டுனது நான்தான் தம்பி. சரோஜா நீட்டுறதப் பாத்தேன், சும்மா ஒரு குச்சி நீட்டினேன். நீங்க பாட்டுக்குப் பூசுறீங்க. நல்ல மனுசங்கிட்ட வேணாம்னு எப்படிச் சொல்றது?"

மொத நாள்ல இருந்து சிரிக்காத சரோஜா அப்பத்தான் சிரிச்சா. என்னப் பாத்துதான்.

முத்தையாண்ணே கூரையவே பாத்துக்கிட்டு இருந்தாரு. நன்றி சொல்லப்போறாருனு நானும் கொஞ்சம் நிமிந்து உக்காந்தேன்.

"தம்பி, அந்த மூலையில மட்டும் லேசாக் கசியுது பாருங்க. தார இன்னும் கொஞ்சம் அழுத்திப் பூசியிருக்கலாம்."

மழ விட்டதும் ஏறிச் சரி பண்ணித் தர்றேன்னு சொன்னேன். நம்ம செஞ்ச வேலைக்கு நம்மதானே பொறுப்பு!